பத்து மீட்டர் வளையம், பத்து மில்லிமீட்டர் இடைவெளி

சைக்கிள் டைனமோவுக்கு ஒரு சின்னத் தலை உண்டு. அதை டயரோடு ஒட்டிவிட்டால், சக்கரம் ஒரு சுற்று வருவதற்குள் அந்தத் தலை இருபது சுற்றுக்கு மேல் சுற்றிவிடும். கைக்குள் அடங்கும் பொருளால் விளக்கை எரிய வைக்க முடிவது அந்த வேகத்தால்தான். முப்பந்தல் பக்கம் நிற்கும் பல காற்றாலைகளும் இதையே பெரிய அளவில் செய்கின்றன. இறக்கைகள் நிதானமாகச் சுற்ற, நடுவில் உள்ள கியர்பாக்ஸ் அந்தச் சுழற்சியை நிமிடத்துக்கு 1,000, 1,500 சுற்றுகளாக ஏற்றி ஜெனரேட்டரிடம் கொடுக்கிறது.

கியர்பாக்ஸ் என்றால் எண்ணெய், பேரிங், பல் தேய்மானம். தரையில் என்றால் கிரேன் கொண்டுவந்து கழற்றிவிடலாம். நடுக்கடலில் அதே வேலைக்குக் கப்பலும், அலை அடங்கிய நாளும் வேண்டும். ‘கியரே வேண்டாம், இறக்கைத் தண்டிலேயே ஜெனரேட்டரை மாட்டிவிடுவோம்’ என்ற யோசனை அதனால்தான் ஈர்க்கிறது. ஜெர்மனியின் ஔரிச் நகரில் அலோய்ஸ் வோபென் தொடங்கிய எனர்கான் நிறுவனம் 1993-இல் 500 கிலோவாட் திறனுள்ள ‘ஈ-40’ மூலம் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அந்த நிறுவனத்தின் கியரில்லாக் காற்றாலைகள் பின்னாளில் தமிழ்நாட்டுக்கும் வந்தன.

ஆனால் கியரை எடுத்துவிட்டால் அது செய்த வேலையை வேறு யாராவது செய்தாக வேண்டும். திறன் என்பது முறுக்கு விசையையும் வேகத்தையும் பெருக்கி வருவது. வேகம் இருநூறில் ஒரு பங்காகக் குறைந்தால் முறுக்கு விசை இருநூறு மடங்காக வேண்டும். செம்புச் சுருள் சூடாவதால், காந்தப் பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டரும் தள்ளக்கூடிய விசைக்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது. எனவே பரப்பைக் கூட்டுவதே வழி. அதிலும் விட்டத்தைக் கூட்டுவது லாபம்: விட்டம் இரட்டித்தால் முறுக்கு விசை நான்கு மடங்காகிறது. கியரில்லா ஜெனரேட்டர்கள் எல்லாம் தட்டையான ராட்சத வளையங்களாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

எவ்வளவு ராட்சதம் என்பதற்கு, எங்குமே கட்டப்படாத ஒரு காற்றாலையைச் சொல்லலாம். அமெரிக்கத் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம், டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், மெய்ன் பல்கலைக்கழகம் ஆகியவை சேர்ந்து 2020-இல் 15 மெகாவாட் மாதிரி ஒன்றை வெளியிட்டன. அதன் அளவுகளை யார் வேண்டுமானாலும் எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இறக்கை வட்டத்தின் விட்டம் 240 மீட்டர். முழு வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஏழரைச் சுற்று. ஜெனரேட்டர் தாங்க வேண்டிய முறுக்கு விசை ஏறத்தாழ 2 கோடி நியூட்டன்-மீட்டர். அதன் காந்த வளையத்தின் விட்டம் 10 மீட்டர். சுற்றும் காந்தத்துக்கும் நிற்கும் சுருளுக்கும் நடுவே விடும் காற்று இடைவெளி விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு சுண்டுவிரல் அகலம்.

என் கணிப்பில் முழுத் தலைவலியும் அந்தச் சுண்டுவிரல் அகலத்தில்தான். காந்தம் சுருள் வளையத்தைப் பக்கவாட்டில் தள்ளுவதோடு நிற்பதில்லை, தன்னை நோக்கியும் இழுக்கிறது. மின்சாரம் தரும் தள்ளுவிசை சதுர மீட்டருக்கு ஐந்தாறு டன். வீண் இழுப்போ இருபது, முப்பது டன். வளையம் துல்லியமாக நடுவில் இருக்கும்வரை எதிரெதிர் இழுப்புகள் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். ஒரு பக்கம் ஒரு மில்லிமீட்டர் நெருங்கினால் அந்தப் பக்கம் இழுப்பு கூடும், எதிர்ப்பக்கம் குறையும், வளையம் இன்னும் நெருங்கப் பார்க்கும். இதைத் தடுத்து நிறுத்தத்தான் அவ்வளவு இரும்பு. மின்சாரம் உண்டாக்கும் செம்பும் காந்தமும் எடையில் சிறு பங்கே.

பத்து மீட்டர் வளையத்தை வார்த்துப் பார்த்து, சரியில்லை என்று உருக்கிவிட்டு மறுபடி வார்க்க யாரிடமும் பணமில்லை. அதனால்தான் கணினி. காந்தப்புலத்தைக் கணிக்க ஜெனரேட்டரின் குறுக்குவெட்டை ஆயிரக்கணக்கான சிறு முக்கோணங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மேக்ஸ்வெல் சமன்பாடுகளைத் தீர்க்கிறார்கள். இதில் ஒரு குறுக்குவழி உண்டு. மேற்சொன்ன மாதிரியில் 200 காந்த முனைகள், 240 சுருள் பள்ளங்கள். பத்து முனைக்குப் பன்னிரண்டு பள்ளம் என்ற கோலம் இருபது முறை திரும்ப வருகிறது. ஒரு துண்டைக் கணித்தால் மீதி பத்தொன்பதும் அப்படியே. இலவசமாகக் கிடைக்கும் எஃப்.இ.எம்.எம். மென்பொருளில் ஒரு கல்லூரி மாணவரின் மடிக்கணினியே இதைச் செய்துவிடும்.

அந்தத் துண்டில் காந்தத்தின் தடிமனை மாற்றி மாற்றிப் பார்ப்பது வெறும் பொறியியல் ஆர்வமல்ல. நியோடைமியம் காந்தங்கள் ஒரு மெகாவாட்டுக்கு அரை டன்னுக்கு மேல் தேவை. சூட்டில் காந்தம் வலுவிழக்காமலிருக்கச் சேர்க்கும் டிஸ்புரோசியம், டெர்பியம் ஏற்றுமதிக்கு 2025 ஏப்ரலில் சீனா கட்டுப்பாடு விதித்தது. சுருளின் வெப்பத்தைச் சரியாகக் கணித்தால் அந்த உலோகங்களைக் குறைத்துக்கொள்ளலாம்.

ஆனால் காற்று வேகம் மாறும்போது ஜெனரேட்டர் எப்படி நடந்துகொள்ளும் என்று பார்க்க முக்கோணங்கள் உதவா, அவ்வளவு மெதுவானவை. அங்கே வேறொரு தந்திரம். திருவிழா ராட்டினத்தைத் தரையில் நின்று பார்த்தால் குதிரைகள் வருவதும் போவதுமாக இருக்கும். நாமும் ஏறி உட்கார்ந்துவிட்டால் பக்கத்துக் குதிரை அசையாமல் நிற்கும். அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் பார்க் 1929-இல் மின்இயந்திரங்களுக்குச் செய்தது இதைத்தான். சுழலும் காந்தத்தின் மேல் ஏறி நின்று பார்த்தால் ஏறி இறங்கும் மாறுமின்னோட்டம் இரண்டு நிலையான எண்களாகிவிடுகிறது. இன்றும் காற்றாலைக் கட்டுப்பாட்டுக் கருவிக்குள் ஓடுவது அந்தக் கணிதமே. இறக்கை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப முறுக்கு விசையைக் கூட்டிக் குறைத்து, காற்றிலிருந்து முடிந்தவரை கறப்பதும் அதை வைத்துத்தான். மேலே சொன்ன 15 மெகாவாட் மாதிரியின் ஜெனரேட்டர் தருவது 12.6 ஹெர்ட்ஸ் மின்சாரம், நம் கம்பியில் ஓடுவது 50. நடுவில் நிற்கும் கன்வெர்ட்டர்தான் மொழிபெயர்ப்பாளர்.

கன்வெர்ட்டரின் சுவிட்சுகள் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடுகின்றன. அதைப் பிடிக்க மைக்ரோநொடிக் கணக்கில் நகர வேண்டும். காற்றாலைத் தர விதிகளோ பத்து நிமிடக் காற்றை, ஒவ்வொரு காற்று வேகத்துக்கும் ஆறு விதமான கொந்தளிப்புகளோடு ஓட்டிக் காட்டச் சொல்கின்றன. ஒரு பத்து நிமிடத்தை மைக்ரோநொடியாக நறுக்கினால் 60 கோடி அடிகள். யாரும் அப்படிச் செய்வதில்லை. சுருளின் சூட்டுக்கு ஒரு மாதிரி, கோபுரம் ஆடுவதற்கு ஒன்று, சுவிட்சுக்கு ஒன்று என்று பிரித்துக்கொண்டு, ஒன்றின் விடையை மற்றொன்றுக்கு ஊட்டுகிறார்கள். எதை விட்டுவிடலாம் என்று தெரிந்தவரே இதில் கைதேர்ந்தவர். விட்டது சரிதானா என்று கடைசியில் இயந்திரத்தைத்தான் கேட்க வேண்டும். ஜெர்மனியின் பிரெமர்ஹாவன் போன்ற இடங்களில், காற்றுக்குப் பதில் மோட்டாரால் காற்றாலையின் தலைப்பகுதியைச் சுற்றவைத்துப் பார்க்கும் பிரம்மாண்ட மேடைகள் அதற்காகவே இருக்கின்றன.

கியரில்லா வழிதான் வென்றது என்றும் சொல்லிவிட முடியாது. 15 மெகாவாட் அளவில் சீமென்ஸ் கமேசா கியரைத் தவிர்க்கிறது, வெஸ்டாஸ் சிறு கியரை வைத்துக்கொள்கிறது. இரு தரப்பும் கணினியில் கணக்குப் போட்டுத்தான் முடிவெடுத்திருக்கும்.

மீண்டும் அந்த இடைவெளிக்கே வருகிறேன். ஒரு பக்கமாகக் காற்று ஓங்கி அடித்தால் இறக்கைத் தண்டு வளையும், வளையம் ஒரு மில்லிமீட்டரோ இரண்டோ நகரும். அந்தக் கணத்தில் இருபது துண்டுகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. மேலே ஓர் இடைவெளி, கீழே வேறு. ஒரு துண்டை வைத்து ஒப்பேற்றிய கணக்கு அங்கே கைகொடுக்காது. முழு வளையத்தையும், அதைத் தாங்கும் இரும்போடு சேர்த்து, முதலிலிருந்து முக்கோணம் முக்கோணமாகப் போட வேண்டும்.