ஒரு தடவை கேட்டாப் போதும்: சர்வரிலிருந்து பிரவுசருக்கு லைவ் டேட்டா



இந்த வார எபிசோடில் "லைவ் டேஷ்போர்டுன்னா வெப்சாக்கெட்தானே?" என்று ஒரு கேள்வி வந்தது. நேரம் போதாமல் ரெண்டே நிமிஷத்தில் முடித்துவிட்டோம். முழுப் பதில் இங்கே.

முதலிலேயே சுருக்கமா சொல்லிடறேன். டேட்டா சர்வரிலிருந்து ஒரு பக்கமாக மட்டும் வருகிறது என்றால், பெரும்பாலும் வெப்சாக்கெட் தேவையில்லை. அதைவிட முக்கியமானது ஒன்று இருக்கு: எந்த வழியில் போனாலும், நடுவில் லைன் அறுந்தால் என்ன ஆகும்னு முதல் நாளே யோசிக்கணும். ஒரு பக்கத்தை லைவாக ஓட வைக்க ஒரு மதியம் போதும். அது நின்றுபோனதைப் பார்ப்பவருக்குத் தெரிய வைப்பதில்தான் உண்மையான வேலை இருக்கு.

நாலு வழி, ஒரே தோசைக்கல்

வெப் என்பது கேள்வி-பதில். பிரவுசர் கேட்கும், சர்வர் பதில் சொல்லும், அதோடு பேச்சு முடிந்தது. புதுசா ஏதாவது நடந்தால் சர்வர் தானாகவே பிரவுசரைக் கூப்பிட வழி கிடையாது. லைவ் டேட்டாவுக்கான எல்லா டெக்னிக்கும் இந்த ஒரு குறையைச் சமாளிக்க வந்தவைதான்.

நீங்க மாடியில் படிச்சுட்டு இருக்கீங்க, கீழே அப்பா தோசை ஊத்தறார்னு வச்சுக்கோங்க.

முதல் வழி போலிங். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை "தோசை ரெடியா?" என்று கத்துவது. பாதித் தடவை "இன்னும் இல்ல" என்றுதான் பதில் வரும். ரெடியான தோசையும் நீங்க அடுத்து கேட்கும்வரை ஆறிப்போகும். ஆனால் போலிங்கைக் கேவலமாக நினைக்க வேண்டாம். வானிலை மாதிரி மெதுவாக மாறும் விஷயத்துக்கு இதைவிட எளிய வழி இல்லை.

இரண்டாவது லாங் போலிங். நீங்க கேட்டதும் அப்பா பதில் சொல்லாமல் இருப்பார். தோசை ரெடியானதும் "வா" என்பார். ஆறாமல் கிடைக்கும், ஆனால் ஒவ்வொரு தோசைக்கும் மறுபடி மாடியேறி கேட்கணும்.

மூன்றாவது சர்வர்-சென்ட் ஈவென்ட்ஸ், சுருக்கமாக எஸ்எஸ்இ. நீங்க தட்டோடு கீழே வந்து உட்கார்ந்துட்டீங்க. ஒரே ஒரு தடவை "தோசை" என்றீர்கள். வெந்து வர வர தட்டில் விழுந்துக்கிட்டே இருக்கும். டெக்னிக்கலா பார்த்தா, இது சாதாரண எச்டிடிபி பதில்தான். முடியாத பதில், அவ்வளவுதான் வித்தியாசம்.

நாலாவது வெப்சாக்கெட். இது போன் கால் மாதிரி. ரெண்டு பேரும் எப்போ வேணும்னாலும் பேசலாம். சாட், மல்டிபிளேயர் கேம், பல பேர் சேர்ந்து எழுதும் டாக்குமென்ட் இதுக்கெல்லாம் இதுதான் சரி. ஆனால் இது எச்டிடிபியாக ஆரம்பித்து வேறொரு புரோட்டோகாலாக மாறிவிடும். அதனால் வழியில் இருக்கும் புராக்சி, லோட் பேலன்சர் எல்லாத்துக்கும் இது தெரிஞ்சிருக்கணும்.

எஸ்எஸ்இ புதுசும் இல்லை. இயன் ஹிக்சன் 2004-லேயே முன்வைத்த யோசனை இது. 2006-ல் ஓபரா பிரவுசர் சோதனை முறையில் கொண்டுவந்தது. வெப்சாக்கெட் ஸ்டாண்டர்டு வெளியானது 2011-ல். ஆனாலும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் எஸ்எஸ்இ-யைக் கடைசிவரை ஏற்கவில்லை, பழைய எட்ஜும் அப்படித்தான். அதனால் பல டீம்கள் அதை மறந்தே போனார்கள். இன்று ஓபன்ஏஐ, ஆந்த்ரோபிக் ஏபிஐகளில் பதில் துண்டு துண்டாக வந்து விழுகிறதே, அது இதே எஸ்எஸ்இ ஃபார்மட்தான்.

கம்பியில் என்ன போகிறது?

எஸ்எஸ்இ எனக்குப் பிடிக்கக் காரணம், அதைக் கண்ணால் படிக்கலாம். சர்வர் தன் பதிலின் கன்டென்ட்-டைப் ஹெடரில் 'டெக்ஸ்ட்/ஈவென்ட்-ஸ்ட்ரீம்' என்று சொல்லிவிட்டு வரி வரியாக எழுதும். 'டேட்டா' என்று ஆரம்பிக்கும் வரியில் விஷயம் இருக்கும். 'ஐடி' வரியில் அந்த ஈவென்ட்டின் எண். 'ஈவென்ட்' வரியில் அதன் வகை. 'ரீட்ரை' வரியில், அறுந்தால் எத்தனை மில்லிசெகண்ட் கழித்து திரும்ப வரணும் என்ற கணக்கு. ஒரு வெற்று வரி வந்தால் அந்த ஈவென்ட் முடிந்தது. மொத்த ஃபார்மட்டும் ஏறக்குறைய இவ்வளவுதான்.

பிரவுசர் பக்கம் ஜாவாஸ்கிரிப்டில் ஈவென்ட்சோர்ஸ் என்று ஒன்று தயாராகவே இருக்கு. முகவரியைக் கொடுத்தால் போதும், லைப்ரரி எதுவும் இறக்க வேண்டாம். லைன் அறுந்தால் தானாகவே திரும்ப இணையும். இணையும்போது கடைசியாகக் கிடைத்த ஐடியை 'லாஸ்ட்-ஈவென்ட்-ஐடி' என்ற ஹெடரில் சேர்த்து அனுப்பும். அதாவது, "ஏழாவது தோசை வரை சாப்பிட்டாச்சு, எட்டிலிருந்து போடுங்க." வெப்சாக்கெட்டில் இந்த ரெண்டையும் நாமே எழுதணும், இல்லை ஒரு லைப்ரரியை நம்பணும்.

விக்கிப்பீடியாவில் நேரில் பாருங்க

விக்கிமீடியா நிறுவனம் ஈவென்ட்ஸ்ட்ரீம்ஸ் என்று ஒரு பொதுச் சேவை நடத்துகிறது. உலகத்தின் எல்லா விக்கிப்பீடியாக்களிலும் நடக்கும் ஒவ்வொரு திருத்தமும் அதில் எஸ்எஸ்இ-யாக ஓடும். அக்கவுன்ட் தேவையில்லை.

முன்பு அவர்கள் சாக்கெட்.ஐஓ வைத்து ஆர்சிஸ்ட்ரீம் என்று ஒன்று நடத்தினார்கள். 2017-ல் அதை மூடிவிட்டு எஸ்எஸ்இ-க்கு வந்தார்கள். இது ஒரு பக்கமாக மட்டும் ஓடும் டேட்டா. படிப்பவர் சர்வருக்குத் திருப்பிச் சொல்ல எதுவும் இல்லை.

'ரீசன்ட்சேஞ்ச்' ஸ்ட்ரீமைத் திறந்தால் கண் தொடர முடியாத வேகத்தில் வரிகள் ஓடும். ஒவ்வொரு ஈவென்ட்டும் ஒரு ஜேசன். அதில் 'விக்கி' என்ற புலத்தில் தமிழ் விக்கிப்பீடியாவின் குறியீடு, அதாவது 'டிஏ'வும் 'விக்கி'யும் சேர்ந்த சொல், இருக்கும் ஈவென்ட்டுகளை மட்டும் வடிகட்டுங்க. வெள்ளம் மாதிரி ஓடினது சட்டென்று சொட்டுச் சொட்டாக மாறும். எங்கேயோ ஒருத்தர் ஒரு ஊரைப் பற்றிய கட்டுரையில் எழுத்துப்பிழையைத் திருத்தினால், சில நொடியில் அது உங்க திரையில். முதல் லைவ் புராஜெக்டுக்கு இதைவிட நல்ல டேட்டா எனக்குத் தெரியலை.

ஒரு சுவாரசியமான விஷயம். விக்கிமீடியாவின் முன்வாசல் சர்வர்கள் எந்த இணைப்பையும் 15 நிமிஷத்தில் அறுத்துவிடும். அதை அவர்களே எழுதியும் வைத்திருக்கிறார்கள். நல்ல கிளையன்ட் என்றால் திரும்ப இணைந்து, லாஸ்ட்-ஈவென்ட்-ஐடியைக் கொடுத்து, விட்ட இடத்திலிருந்து வாங்கிக்கொள்ளும் என்பது அவர்கள் கணக்கு. லைன் அறுவது அங்கே விபத்து இல்லை, தினசரி நடைமுறை. உங்க டிசைனும் அப்படித்தான் ஆரம்பிக்கணும்.

திரை பொய் சொன்னால் திட்டு யாருக்கு?

ஒரு கான்ட்ராக்டில் நான் பார்த்தது இது. ஒரு கிடங்கு. பேக்கிங் செய்யும் இடத்தில் சுவரில் பெரிய திரை. எத்தனை ஆர்டர் காத்திருக்கு என்று லைவாகக் காட்டும். ஒரு நாள் அது 3 என்ற எண்ணோடு நின்றுவிட்டது. எரர் இல்லை, சுற்றும் வட்டம் இல்லை, பார்க்க அழகாகவே இருந்தது. பேக்கிங் செய்பவர்கள் அந்த மூன்றையும் முடித்துவிட்டு அடுத்ததுக்காகக் காத்திருந்தார்கள். மேலே ஆபீஸில் சூப்பர்வைசரின் கம்ப்யூட்டரில் எண் 60-ஐத் தாண்டியிருந்தது. கீழே இறங்கி வந்தவர் கேட்ட முதல் கேள்வி, "எல்லாரும் ஏன் சும்மா நிக்கறீங்க?" என்பதுதான். மணிக்கணக்கில் கூலி வாங்குபவர்களுக்கு அந்தக் கேள்வி சின்ன விஷயம் இல்லை. "திரையில மூணுதான் இருந்துச்சு" என்று அவர்கள் சொன்னதை அன்று யாரும் நம்பவில்லை.

நடந்தது என்னன்னா, வழியில் இருந்த ஒரு ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆகியிருக்கு. இணைப்பு முடிந்தது என்று பிரவுசருக்கு யாரும் சொல்லவில்லை. எஸ்எஸ்இ-யில் பிரவுசர் கேட்டுக்கொண்டு மட்டுமே இருக்கும், எதையும் அனுப்பாது. அதனால், புது ஆர்டர் வராத அமைதிக்கும் செத்த லைனின் அமைதிக்கும் அதுக்கு வித்தியாசம் தெரியாது. போனில் எதிர்ப்பக்கம் சத்தமே இல்லைன்னா நாம "ஹலோ, லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்போம் இல்லையா, அந்தக் கேள்வி இங்கே இல்லை.

வெப்சாக்கெட்டுக்கு மாறினால் சரியாகிடும் என்று அந்த டீமில் ஒரு பேச்சு இருந்தது. ஆகாது. அதே லைன் அதே மாதிரிதான் செத்திருக்கும். தீர்வு மூணு சின்ன வேலைகள்.

ஒன்று, சர்வர் 15 நொடிக்கு ஒரு தடவை "இருக்கேன்" என்று சொல்லணும். இதுக்கு முக்காற்புள்ளியில் ஆரம்பிக்கும் கமென்ட் வரியை அனுப்பலாம்னு பல டுடோரியல்கள் சொல்லும். நடுவில் இருக்கும் புராக்சி லைனை அறுக்காமல் இருக்க அது உதவும். ஆனால் கமென்ட் வரி உங்க ஜாவாஸ்கிரிப்டுக்குத் தெரியவே தெரியாது, பிரவுசர் அதை விழுங்கிவிடும். அதனால் 'பிங்' மாதிரி ஒரு பெயர் வைத்து உண்மையான ஈவென்ட்டாகவே அனுப்புங்க.

இரண்டு, பிரவுசரில் ஒரு டைமர். 45 நொடியாக எதுவும் வரவில்லை என்றால் எண்ணைச் சாம்பல் நிறமாக்கி, "இணைப்பு இல்லை, கடைசியாக வந்தது 10:42" என்று பெரிதாகக் காட்டணும். பிறகு பழைய இணைப்பை மூடிப் புதிதாகத் திறக்கணும்.

மூன்று, விட்டதைத் திரும்பக் கொடுப்பது. இங்கே ஒரு பொறி இருக்கு. பிரவுசர் தானாக இணையும்போதுதான் லாஸ்ட்-ஈவென்ட்-ஐடி போகும். நீங்களே புது ஈவென்ட்சோர்ஸ் திறந்தால் அதுக்குப் பழைய நினைவு கிடையாது. கடைசி ஐடியை முகவரியிலேயே சேர்த்து அனுப்பணும். பழைய ஈவென்ட்டுகளைச் சர்வர் சேமித்து வைப்பதில்லை என்றால், இணைந்ததும் முதல் வேலையாக இப்போதைய முழு நிலவரத்தை அனுப்பிவிடுவது நல்லது.

லேப்டாப்பில் ஓடும், சர்வரில் ஓடாது

எஸ்எஸ்இ எழுதும் எல்லாரும் ஒரு நாள் முட்டிக்கொள்ளும் இடங்கள் இவை.

பஃபரிங்: தோசைக்கல்லுக்கும் உங்க தட்டுக்கும் நடுவில் ஒரு அண்ணன் நின்று, பத்து தோசை சேர்ந்த பிறகுதான் கொண்டு வருவேன் என்றால் எப்படி இருக்கும்? என்ஜின்எக்ஸ் அதைத்தான் செய்யும். புராக்சி பஃபரிங் அதில் இயல்பாகவே ஆனில் இருக்கும். 'எக்ஸ்-ஆக்சல்-பஃபரிங்' என்ற ஹெடருக்கு 'நோ' என்று சர்வர் பதிலில் கொடுத்தால் அது வழிவிடும். ஜிஜிப் கம்ப்ரெஷனும் இதே வேலையைக் காட்டலாம்.

ஆறு டேப்: பழைய எச்டிடிபி 1.1-ல் ஒரு டொமைனுக்கு பிரவுசர் 6 இணைப்புதான் திறக்கும், எல்லா டேப்களுக்கும் சேர்த்து. ஏழாவது டேப் வெறுமனே தொங்கும். எச்டிடிபி 2 போட்டால் இந்தத் தொல்லை தீரும்.

வொர்க்கர்: ஒரு ரிக்வெஸ்டுக்கு ஒரு வொர்க்கர் என்று ஓடும் பழைய பாணி பைத்தான் சர்வரில் 4 வொர்க்கர் இருந்தால், 4 பேர் லைவ் பக்கத்தைத் திறந்ததும் கடை மூடியாச்சு. அசிங்க் சர்வர் வேண்டும்.

லாகின்: ஈவென்ட்சோர்ஸில் நம்ம இஷ்டத்துக்கு ஹெடர் சேர்க்க முடியாது. டோக்கனை முகவரியில் வைத்தால் அது சர்வர் லாகில் போய் உட்கார்ந்துவிடும். குக்கி பயன்படுத்துங்க, இல்லைன்னா ஃபெட்ச் மூலம் ஸ்ட்ரீமைப் படிங்க.

ஃபெட்ச் வழியில் போனால் தமிழுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கு. யூடிஎஃப்-8-ல் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். 'தமிழ்' என்ற சொல்லே 15 பைட். நெட்வொர்க் துண்டு எங்கே வேணும்னாலும் வெட்டும், ஒரு எழுத்தின் நடுவிலும். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக டீகோட் செய்தால் அந்த இடத்தில் கறுப்பு வைரத்துக்குள் ஒரு கேள்விக்குறி முளைக்கும். டெக்ஸ்ட்டீகோடரை அழைக்கும்போது 'ஸ்ட்ரீம்' ஆப்ஷனை ட்ரூ என்று கொடுத்தால், அது அரைகுறை பைட்டுகளை அடுத்த துண்டு வரும்வரை பிடித்து வைத்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் மட்டும் டெஸ்ட் செய்யும் டீமுக்கு இந்த பக் கண்ணிலேயே படாது. நம்ம ஆளுங்கதான் கண்டுபிடிக்கணும்.

இந்த வார வீட்டுப்பாடம்

உங்ககிட்ட ஒரு லைவ் பக்கம் இருந்தால், அதைத் திறந்து வைத்துவிட்டு, ரவுட்டரிலிருந்து வெளியே போகும் கேபிளை மட்டும் பிடுங்குங்க. வைஃபையை அணைக்க வேண்டாம், அணைத்தால் பிரவுசருக்கே விஷயம் தெரிந்துவிடும். ஒரு நிமிஷம் பொறுத்து, அறைக்கு வெளியே இருக்கும் யாரையாவது கூப்பிட்டு, "இந்த எண்ணை நம்பலாமா?" என்று கேளுங்க. அவர் "ஆமா" என்றால் உங்க பக்கம் இன்னும் முடியவில்லை.

விக்கிப்பீடியா ஸ்ட்ரீமை வைத்து ஏதாவது செய்தீர்கள் என்றால் இந்த மடலுக்கே பதில் போடுங்க. அடுத்த எபிசோடில் பேசலாம்.