உடலுக்குள் உலோகம், உடல்மேல் தைலம்

இராயபுரம் கல்மண்டபத்துக் கடைகளில் எந்நாளும் விலைபோகும் பண்டங்களுள் வலித் தைலமும் ஒன்று. காசிமேட்டில் வலை இழுப்போரும் துறைமுகத்தில் சுமை தூக்குவோரும் அதனை நாடுகின்றனர். வடக்கே காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை சென்னை கவர்னராயிருந்த ஜோசப் காலெட் காலத்தில் நெசவாளருக்கென்று ஏற்பட்ட குடியிருப்பாகும். தறிக்குழியில் அமர்ந்து மிதி மிதிப்பவரின் இடுப்புவலியும், நாள் முழுதும் குனிந்து நாற்று நடுபவரின் முதுகுவலியும் நம் அங்கத்தினர் அனைவரும் அறிந்தவையே. காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893-ல் பம்பாயில் தொடங்கிய அமிர்தாஞ்சனம், 1914-ல் சென்னைக்கு வந்தது. அன்று முதல் தைலச் சிமிழ் இல்லாத மாடக்குழி அரிதாயிற்று.

இன்று ஒரு புதிய நிலைமை தோன்றியுள்ளது. முறிந்த எலும்புக்குத் தகடும் திருகாணியும் பொருத்துகின்றனர். தேய்ந்த மூட்டை மாற்றுகின்றனர். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் உருவாக்கிய செயற்கை இதய வால்வு 1990-ல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. இத்தகையோர் தைலம் தடவலாமா என்று சங்கத்திற்கு வரும் அங்கத்தினர் நம்மிடம் வினவுகின்றனர்.

முதலில் ஓர் அச்சத்தைப் போக்குவோம். தைலம் உள்ளே இறங்கி உலோகத்தை அரித்துவிடும் என்பது வீண் பயம். துருவேறா எஃகு, டைட்டானியம் போன்றவை உடலின் உப்புநீரிலேயே பல்லாண்டுகள் இருக்கத் தக்கவை. நன்கு ஆறிய தோலின் மேல் அளவோடு தடவும் தைலத்தால் தகட்டிற்குத் தீங்கில்லை. தீங்கு வரக்கூடிய வழிகள் வேறு, அவை மூன்று.

முதலாவது, ஆறாத புண். தையல் பிரித்த சில நாட்களில் தழும்பின்மேல் தைலம் தேய்ப்பது தவறு. தைலம் தடவிய இடத்தை இறுகக் கட்டுவதும், அதன்மேல் வெந்நீர்ப் பையால் ஒத்தடம் கொடுப்பதும் ஆகா. மென்தால், மெதில் சாலிசிலேட் முதலியன கொண்ட பூச்சுமருந்துகளால் தோல் வெந்துபோன 43 பேரின் விவரத்தை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 2012-ல் வெளியிட்டு எச்சரித்தது. நீரிழிவால் உணர்ச்சி மங்கியவர், தோல் வேகும் வரையில் அதனை அறியாமலே இருக்கக்கூடும்.

இரண்டாவது, இரத்தம் உறையாமைக்கான மருந்து. உலோக வால்வு பொருத்திக்கொண்டோர் வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற மாத்திரைகளை ஆயுள் முழுதும் உட்கொள்கின்றனர். மெதில் சாலிசிலேட், ஆஸ்பிரினுக்கு உறவான பொருள். அது தோல் வழியே இரத்தத்தில் கலக்கிறது. நிறையத் தடவினாலும், சூடு பட்டாலும் மேலும் மிகுதியாகக் கலக்கும். அப்போது மாத்திரையின் வேகம் கூடி இரத்தக்கசிவு நேரலாம். இவ்வாறு நேர்ந்த நோயாளிகளைப் பற்றி ஹாங்காங் மருத்துவர்கள் 1990-களில் எழுதியுள்ளனர். சிமிழின் சீட்டில் இப்பொருள் விண்டர்கிரீன் என்றோ, கந்தபுரா தைலம் என்றோ குறிக்கப்பட்டிருக்கலாம். ஈறில் இரத்தம், காரணமின்றிக் கன்றிய தோல், கறுத்த மலம் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் உடனே மருத்துவரிடம் செல்லவேண்டும்.

மூன்றாவது, மறைந்து வளரும் சீழ். இதுவே பெரிதும் கவனிக்கத் தக்கது. ஆறி நலமாயிருந்த மூட்டிலோ தகடு வைத்த காலிலோ புதிதாக வலி தோன்றினால் அது வெறும் வாயுப்பிடிப்பு அன்று என்றே முதலில் கொள்ளவேண்டும். உலோகத்தின்மேல் கிருமிகள் படலமாய்ப் படிந்துவிட்டால் மருந்து எளிதில் பலிக்காது. மறுபடியும் அறுவை செய்ய நேரலாம். தைலம் வலியைச் சிறிது நேரம் மறக்கச் செய்யும், கிருமியைக் கொல்லாது. சிவப்பு, வீக்கம், சூடு, கசிவு, காய்ச்சல் இவற்றோடு வலியும் சேர்ந்தால் ஒரு நாளும் தாமதியாது, அறுவை செய்த மருத்துவமனைக்கே செல்வது நலம். இப்பகுதி மக்களுக்கு, முதியோர் இன்றும் 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்றழைக்கும் ஸ்டான்லி அரசு மருத்துவமனை அருகிலேயே இருக்கிறது.

இன்னும் இரண்டொரு செய்திகள். பேஸ்மேக்கர் உடையோருக்குத் தைலத்தைவிடக் காந்தப் பட்டைகளும் மின்வெப்பச் சிகிச்சையும் ஆபத்தானவை. மருத்துவரைக் கேளாமல் அவற்றை நாடலாகாது. வலிப்பட்டை ஒட்டியிருப்போர் எம்.ஆர்.ஐ. படம் எடுக்குமுன் அதைத் தெரிவிக்கவேண்டும். சில பட்டைகளின் பின்புறம் மெல்லிய உலோகத்தால் ஆனது. அது சூடேறித் தோலைச் சுடும்.

அறுவைக்குப்பின் மருத்துவமனையில் தரும் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். அடுத்த முறை செல்லும்போது வீட்டிலுள்ள தைலச் சிமிழையும் உடன் கொண்டுபோய், 'இதைத் தடவலாமா?' என்று கேளுங்கள். எழுத்தறியாத முதியோர் உள்ள இல்லங்களில், சிமிழின் சீட்டை இளைஞர் படித்துச் சொல்வாராக. ஒருவர்க்கொருவர் துணை நிற்பதே கூட்டுறவு. அத்துணை சங்கக் கணக்கோடு நின்றுவிடலாகாது.