செல்லுக்குள்ள ஒரு கன்ட்ரோல் சிஸ்டம்



ஒரே புற்றுநோய்ச் செல்லில் இருந்து வளர்த்த செல்கள். ஒரே மருந்து, ஒரே அளவு. ஆனாலும் சில செல்கள் சாகும், சில பிழைச்சுக்கும். பிழைச்ச அந்தக் கொஞ்சம் செல்கள் மறுபடி வளர்ந்தா, சிகிச்சை வீணாகிடும். ஏன் இப்படி? பதில்ல பாதி நம்ம கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பாடத்துலயே இருக்கு.

நம்ம செல்களில் பி53-னு ஒரு புரதம் உண்டு. மனிதப் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் இதோட ஜீன் கெட்டுப்போயிருக்கும். அவ்வளவு முக்கியமான காவல்காரன்! டிஎன்ஏ சேதமானா பி53 அளவு ஏறும். அது எம்டிஎம்2 என்ற இன்னொரு புரதத்தைத் தயாரிக்க வைக்கும். எம்டிஎம்2 திரும்பி வந்து பி53-ஐயே அழிக்கும். சாட்சாத் நெகட்டிவ் ஃபீட்பேக். ஆனா எம்டிஎம்2 தயாராக நேரமாகும். ஹாஸ்டல் கீஸர் குழாயை நினைச்சுக்கோங்க. சூடு வரத் தாமதமாகுதுன்னு இன்னும் திருகுவோம், திடீர்னு சுடும், உடனே குறைப்போம், ஜில்லுன்னு ஆகிடும். தாமதம் இருந்தா அலை வரும். பி53-யும் அப்படித்தான் ஏறி இறங்கும்.

முன்னாடி லட்சக்கணக்கான செல்களை ஒண்ணா உடைச்சு அளந்தாங்க. அலை போகப்போக மங்குற மாதிரி தெரிஞ்சது. 2004-ல் இஸ்ரேலின் வைஸ்மன் இன்ஸ்டிட்யூட்ல கலிட் லஹாவும் குழுவும் பி53-ஐ ஒளிர வைச்சு, ஒவ்வொரு செல்லையும் தனித்தனியா படம் பிடிச்சாங்க. அலை மங்கவே இல்லை! ஆடிட்டோரியத்துல எல்லாரும் சேர்ந்து கைதட்ட ஆரம்பிச்சு, ஆளாளுக்குத் தாளம் மாறின கதைதான். கதிர்வீச்சு அதிகமானா அலையோட உயரம் கூடல, எண்ணிக்கைதான் கூடிச்சு.

சரி, அலையா இருந்தா என்ன, நேர்கோடா இருந்தா என்ன? லஹாவ் ஹார்வர்டுக்குப் போன பிறகு, 2012-ல் அவரோட குழு இதைச் சோதிச்சது. கணித மாடல் சொன்ன நேரத்துக்கு மருந்து கொடுத்து, பி53 இறங்காம நிறுத்தி வைச்சாங்க. அலையோட இருந்த செல்களில் பல மீண்டு வந்து பிரிஞ்சுது. நேர்கோட்டில் வைச்ச செல்களில் பெரும்பாலானவை பிரியறதையே நிரந்தரமா நிறுத்திடுச்சு.

இப்போ முதல் கேள்விக்கு வருவோம். 2016-ல் இதே குழு பெருங்குடல் புற்றுநோய்ச் செல்களுக்கு சிஸ்பிளாட்டின் மருந்து கொடுத்துப் பார்த்தது. செத்த செல், பிழைச்ச செல் ரெண்டிலும் பி53 நல்லாவே ஏறியிருந்தது. வித்தியாசம் வேகத்துல! சாகத் தேவையான பி53 அளவு, அதாவது கட்-ஆஃப், நேரம் போகப்போக ஏறிக்கிட்டே இருக்கு. சீக்கிரம் ஏறின செல் கட்-ஆஃபைத் தாண்டிச் செத்துடும். மெதுவா ஏறின செல் எவ்வளவு சேர்த்தாலும் பத்தாது, ஏன்னா அதுக்குள்ள சாவைத் தடுக்கும் ஜீன்கள் வேலையை ஆரம்பிச்சிடும். அந்த ஜீன்களின் புரதங்களை இன்னொரு மருந்தால அடக்கினப்போ, அதிக செல்கள் செத்துச்சு.

இதெல்லாம் ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்கள். மருத்துவமனை வார்டுக்கு வர இன்னும் தூரம் இருக்கு. ஆனா எந்த மருந்து, எவ்வளவு மருந்து என்பதோட, எந்த நேரத்தில் என்பதும் ஒரு கேள்விதான்னு தெரிஞ்சிடுச்சு. அந்தக் கேள்விக்கு டாக்டர் மட்டும் போதாது, சிக்னலும் ஃபீட்பேக்கும் தெரிஞ்சவங்களும் வேணும்.

அடுத்த தடவை டிலே கணக்கு போடும்போது, "இது எதுக்குடா உதவப்போகுது?"னு கேட்காதீங்க!