கல்லூரி மாணவருக்கோர் ஆற்றுப்படுத்துநர்

'கவுன்சலிங்' என்றதும் நம் பெற்றோர் பலருக்கு நினைவில் எழுவது, பொறியியல் கல்லூரியில் இடம் ஒதுக்கும் கலந்தாய்வே. இடம் கிடைத்த பின்னர் மாணவனின் மனப்பாரத்தைக் கேட்கும் பணிக்கும் இதே பெயர் வழங்குவதால் குழப்பம் மிகுகிறது. ஆகவே, திருச்சபை வட்டாரங்களில் வழங்கிவரும் 'ஆற்றுப்படுத்துதல்' என்ற சொல்லையே இங்குக் கையாளுகிறேன். ஆறு என்றால் வழி. ஆற்றுப்படுத்துதல், வழியில் செலுத்துதல்.

இச்சொல் நம் பகுதிக்கு அயலானதன்று. பத்துப்பாட்டில் ஒன்றாகிய மலைபடுகடாம், கூத்தராற்றுப்படை என்ற பெயரையும் உடையது. அதன் தலைவனாகிய நன்னனின் ஊர் செங்கண்மா; திருவண்ணாமலைக்கு மேற்கேயுள்ள இன்றைய செங்கம். பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொரு கூத்தனுக்கு வழி சொல்கிறான். பன்றிக்கு வைத்த பொறி எங்கே, பாம்பு உறையும் குழி எங்கே, கால் வழுக்கும் இடம் எங்கே என்று ஒன்றுவிடாமல் கூறுகிறான். ஆனால் அவனைச் சுமந்து செல்வதில்லை. நடக்க வேண்டியவன் அவனே.

அதே செங்கம் சாலையில் இன்று மாணவ மாணவியர் பேருந்துகளில் நின்றுகொண்டே திருவண்ணாமலைக் கல்லூரிகளுக்கு வருகின்றனர். (பௌர்ணமி நாளில் கிரிவலக் கூட்டத்தால் நிற்கவும் இடமிராது!) போளூர், தண்டராம்பட்டு, கீழ்பென்னாத்தூர் பக்கங்களிலிருந்தும், சவ்வாது மலையிலிருந்தும் வருவோர் உண்டு. குடும்பத்தில் முதன்முதல் கல்லூரி வாசலை மிதிப்பவர் பலர். சிலரின் தாய் தந்தையர் கட்டட வேலைக்காகப் பெங்களூரில் இருக்க, வீட்டில் பாட்டி மட்டுமே துணை. பள்ளியில் தமிழில் படித்தவனுக்கு முதல் பருவத்திலேயே எல்லாம் ஆங்கிலமாகிறது. இரண்டு தாள் 'அரியர்' விழுகிறது. அதை வீட்டில் சொல்ல அஞ்சுகிறான். காதல், கடன், சாதி ஏளனம், கைப்பேசிச் சூதாட்டத்தில் தொலைத்த பணம் ஆகியவையும் சேர்கின்றன. 2022ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் தற்கொலையால் மாண்ட மாணவர் 13,044 பேர் என்பது தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு.

ஆற்றுப்படுத்துநர் செய்வது என்ன? முதலில், குறுக்கிடாமல் கேட்கிறார். எளிதாகத் தோன்றும், பயிற்சியின்றி வராது. "சுவாமி, இவனுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லுங்கள்" என்று பிள்ளையைப் பங்குக் குருவிடம் அழைத்துவரும் வழக்கம் நம்மிடம் உண்டு. புத்திமதியை அவன் வேண்டிய மட்டும் கேட்டாயிற்று. அவன் சொல்வதைக் கேட்டவர்தாம் எவருமிலர். இலண்டனில் சாட் வாரா என்ற ஆங்கிலிக்கன் குரு, தற்கொலை எண்ணமுடையோர்க்கென 1953இல் தொலைபேசிப் பணியொன்றைத் தொடங்கினார். அவரைக் காணக் காத்திருந்தோர், தம்மை உபசரித்துப் பேச்சுத்துணையாயிருந்த தொண்டர்களிடமே மனம் திறந்து, பலர் குருவைக் காணாமலே ஆறுதலோடு திரும்பினர். இதைக் கண்ட அவர், மறு ஆண்டே அப்பணியைத் தொண்டர்களிடம் ஒப்படைத்தார். சென்னையில் 1986இல் மருத்துவர் இலட்சுமி விஜயகுமார் நிறுவிய 'சினேகா'வும் இவ்வழியில் நிற்பதே.

கல்லூரி ஆற்றுப்படுத்துநரோ முறையாகப் பயின்றவர். சாக வேண்டுமென்ற எண்ணம் வந்ததா என்று நேராகவே கேட்பார். அவ்வாறு கேட்பது இல்லாத எண்ணத்தை விதைத்துவிடும் என்ற அச்சம் தவறானது என உலகச் சுகாதார நிறுவனம் தெளிவுபடுத்தியுள்ளது. உறக்கமும் உணவும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார். மாணவன் இசைந்தால் பேராசிரியரிடமும் விடுதிக் காப்பாளரிடமும் பேசுவார்.

பெற்றோர் மனத்தாங்கல் கொள்ளுமிடம் ஒன்றுண்டு. மகள் அவ்வறைக்குச் சென்றதை எப்படியோ அறிந்து, கல்லூரிக்கே வந்து, "என் பெண் உங்களிடம் என்ன சொன்னாள்?" என்கின்றனர். அவர் சொல்ல மறுக்கிறார். படிக்க வைக்கும் நம்மிடமே மறைப்பதா என்ற சினம் இயல்பே. எனினும், வீட்டிற்குத் தெரிந்துவிடும் என்றால் எந்தப் பெண்ணும் அக்கதவைத் தட்டமாட்டாள். மனநலச் சிகிச்சை பெறுவோர்க்கு இம்மறைகாப்பை உரிமையாகவே வழங்குகிறது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். ஒப்புரவு அருட்சாதனத்தின் முத்திரையை நாம் அறிவோம். குரு தம் உயிரே போவதாயினும் அதை உடைத்தலாகாது. ஆற்றுப்படுத்துநரின் மறைகாப்பு அத்தகையதன்று. உயிருக்கு இடர் என்று கண்டால் அவர் பெற்றோரை அழைத்தே தீரவேண்டும். இதனை முதற் சந்திப்பிலேயே மாணவரிடம் கூறிவிடுவார். அவர் அழைக்கவில்லையெனில், அத்தகைய இடர் எதையும் அவர் காணவில்லை என்பதே பொருள்.

விசாகப்பட்டினத்தில் நுழைவுத் தேர்வுக்குப் பயின்ற மாணவி ஒருத்தி 2023இல் இறந்தது தொடர்பான வழக்கில், உச்ச நீதிமன்றம் 25.7.2025 அன்று தீர்ப்பளித்தது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் கல்வி நிறுவனம் ஒவ்வொன்றும் தகுதிபெற்ற ஆலோசகர், உளவியலாளர், அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும் என்றது. நன்று. ஆனால் பெயர்ப்பலகை மட்டும் தொங்கும் அறையால் பயனில்லை. வகுப்பெடுக்கும் பேராசிரியர் தலையிலேயே இப்பொறுப்பையும் கட்டுவதும் முறையன்று. உள்மதிப்பீட்டு மதிப்பெண் எவர் கையிலோ, அவரிடம் மாணவன் மனம் திறப்பதெங்ஙனம்?

பெற்றோர்களே, சேர்க்கை நாளில் கட்டணம், விடுதி, பேருந்து ஆகியவற்றை விசாரிக்கையில், ஆற்றுப்படுத்துநர் யார், எந்த அறை, எந்த நேரம் என்பதையும் கேட்டு வாருங்கள். அவ்வறை பூட்டியிருக்கும் வேளைக்கு 14416 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண் உண்டு. 2022 அக்டோபரில் அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' பணி அது. இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். மாணவர் மட்டுமன்றிப் பெற்றோரும் அழைக்கலாம்.