தொண்டை வலிக்கு எந்தக் குறியீடு?

சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் ‘மெடிக்கல் கோடிங்’ வேலை பார்க்கிறார்கள். அமெரிக்க மருத்துவர்கள் எழுதிய குறிப்புகளைப் படித்து, நோய்க்கு உரிய குறியீட்டைப் பதிவதுதான் பணி. காப்பீட்டுப் பணம், நோய்ப் புள்ளிவிவரம், ஆய்வு எல்லாம் அந்தக் குறியீட்டை நம்பித்தான் நடக்கின்றன. அதில் மாதக்கணக்கில் ஆறாத தொண்டை வலி கொஞ்சம் சிக்கலான விஷயம்.

அமெரிக்காவில் 2015 அக்டோபர் 1 முதல் ஐசிடி-10-சிஎம் என்ற நோய்க் குறியீட்டுத் தொகுப்பு நடைமுறையில் இருக்கிறது. திடீரென்று வரும் தொண்டை அழற்சிக்கு அதில் ஜே02.9. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிதான் காரணம் என்று உறுதியானால் ஜே02.0. நாள்பட்ட தொண்டை அழற்சிக்கு ஜே31.2, நாள்பட்ட டான்சில் அழற்சிக்கு ஜே35.01. இவை எல்லாம் சுவாச நோய்களின் வரிசை. ‘ஆர்’ வரிசை வேறு. அங்கே அறிகுறிகள் மட்டும் இருக்கும். தொண்டையில் வலி, காரணம் இன்னும் புலப்படவில்லை என்றால் ஆர்07.0.

மருத்துவர் ‘நாள்பட்ட தொண்டைப் புண்’ என்று எழுதினால் தொகுப்பின் அகரவரிசை நேராக ஜே31.2-க்கு அழைத்துப் போகும். ‘தொண்டை வலி’ என்று மட்டும் எழுதினால் ஆர்07.0. நோயாளி ஒருவரே; ஒரு சொல்லில் குறியீடு மாறிவிடுகிறது. மருத்துவர் எழுதாத ‘நாள்பட்ட’ என்பதைக் குறியீடு போடுபவர் தானாகச் சேர்க்கக் கூடாது.

ஆறாத தொண்டை வலிக்குக் காரணங்கள் பல. இரைப்பை அமிலம் எதுக்களித்து மேலேறலாம். மூக்கிலிருந்து சளி பின்புறமாக இறங்கலாம். ஒவ்வாமை, வாயால் மூச்சு விடுவது, ஓயாமல் உரக்கப் பேசுவது, புகை என்று பட்டியல் நீளும். அரிதாகப் புற்றுநோயும் உண்டு. புகையிலைப் பழக்கம் இருந்தால் ஜே31.2-உடன் அதற்கான குறியீட்டையும் சேர்க்கச் சொல்கிறது தொகுப்பு. மிகவும் தேவையான குறிப்பு அது.

‘அமில எதுக்களிப்பாக இருக்கலாம்’ என்று மருத்துவர் எழுதினால்? புறநோயாளி என்றால் அந்த நோய்க்குரிய கே21.9-ஐப் போடக் கூடாது. சந்தேகத்துக்குக் குறியீடு கிடையாது, அறிகுறிக்குத்தான் உண்டு. உள்நோயாளி வீடு திரும்பும்போது எழுதப்படும் முடிவுக் குறிப்பில் அதே ‘இருக்கலாம்’ இருந்தால், நோய் இருப்பதாகவே கொண்டு பதியலாம் என்கிறது விதி.

புறநோயாளி விதியே எனக்குச் சரியாகப் படுகிறது. உறுதியாகாத நோய்ப் பெயர் ஒருமுறை பதிவில் ஏறிவிட்டால், அடுத்துப் பார்க்கும் மருத்துவர் அதை முடிந்த விஷயமாக எடுத்துக்கொள்ளக்கூடும். தேடல் அங்கேயே நின்றுபோகும். புற்றுநோய் போன்ற ஒன்று ஒளிந்திருந்தால் அந்தத் தாமதம் உயிரைத் தொடும். ஆர்07.0 தேடல் முடியவில்லை என்பதை வெளிப்படையாகச் சொல்கிறது. பிறகு காரணம் உறுதியானால், அந்த வருகைக்கு நோயின் குறியீடு பதிவாகும்.