கண்மாய் நீரும் வலையின் கண்ணும்

உசிலம்பட்டி வட்டாரத்துக் கண்மாய்கள் ஆண்டு முழுவதும் நீர் நிற்பவை அல்ல. வடகிழக்குப் பருவமழையையும், 1959இல் திறக்கப்பட்ட வைகை அணையின் நீர்மட்டம் 67 அடியைத் தாண்டினால் மட்டுமே தண்ணீர் பெறும் 58 கிராமக் கால்வாயையும் நம்பி நிற்கும் அவை கோடையில் வற்றிவிடுவதால், எந்த வலை எப்போது இறங்க வேண்டும் என்பதை மீனைவிட நீரின் ஆழமே தீர்மானிக்கிறது.

நீர் நிறைந்திருக்கையில் கட்டப்படுவது செவுள் வலை. மெல்லிய நைலான் நரம்பால் பின்னி, மேல்கயிற்றில் மிதவையும் அடிக்கயிற்றில் ஈயமும் கோத்து, அந்திப்பொழுதில் நீருக்குள் சுவர்போல் நிறுத்தப்படும் இவ்வலையின் கண்ணில் தலையை நுழைக்கும் மீன், உடல் பருமனால் முன்னேறவும், நூலில் செவுள் மாட்டிக்கொள்வதால் பின்வாங்கவும் முடியாமல் நின்றுவிடும். கண்ணின் அளவே பிடிபடும் மீனின் அளவு என்பதால், மீன்பாசிக் குத்தகை எடுத்து, அதாவது கண்மாய் மீனுக்கான உரிமையை ஏலத்தில் பெற்று, கட்லாவும் ரோகுவும் வளர்ப்பவர் அகலக் கண்ணையே நாடுவார். 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மீனான ஜிலேபிக்கெண்டையின் சிறு மீன்கள் அதில் நழுவிவிடும்.

நீர் இடுப்பளவுக்கு இறங்கியதும் வீச்சு வலைக்கு வேலை வருகிறது. வட்டமாக விரிந்து விழும் அதன் விளிம்பிலுள்ள ஈயக் குண்டுகள் தரையைத் தொட்டபின், கயிற்றை மெல்ல இழுக்க இழுக்க விளிம்பு ஒன்றுகூடி மீனை உள்ளடக்கும். தனி ஆள் கையாளக்கூடிய இது, சீமைக்கருவேலந் தூர்கள் மண்டிய கண்மாயில் கிழிந்துபோகும். பலர் இரு முனையிலும் பிடித்துக் கரைக்கு இழுக்கும் இழுவலைக்கோ அத்தகைய தரை அறவே ஆகாது.

கொசுவலைத் துணியை வலை என்று சொல்வதே தகாது. கண் என்று சொல்லத்தக்க இடைவெளி அதில் இல்லாததால், புதுவெள்ளத்தோடு வரும் குஞ்சுகளை வரத்துக் கால்வாயிலேயே அது வழித்தெடுத்துவிடுகிறது.

நீர் முழங்காலுக்குக் கீழே போய்ச் சேறு மிஞ்சும் நாளில், ஊர் கூடி இறங்கும் மீன்பிடித் திருவிழாவில் வலைகளோடு ஊத்தாவும் சேர்கிறது. மேலும் கீழும் திறந்த இக்குச்சிக் கூடையைச் சேற்றில் குத்தி, மேல்வாய் வழியே கையை விட்டுத் துழாவுவர். காற்றையும் சுவாசிக்க வல்லதாதலால் சேற்றில் புதைந்து கிடக்கும் விராலுக்கு வலையைவிட ஊத்தாவே ஏற்றது.