காரே காரை ஓட்டுமா?

2016-ம் ஆண்டு மே மாதம் 7-ந் தேதி. சனிக்கிழமை பிற்பகல்.

அமெரிக்காவில் புளோரிடா மாநிலம் வில்லிஸ்டன் ஊர் அருகே, நெடுஞ்சாலையில் ஒரு மின்சாரக் கார் பறந்துகொண்டு இருந்தது. மணிக்கு 74 மைல் வேகம்.

காரில் ஒருவர் மட்டுமே இருந்தார். வயது 40. தானாக ஓடும் விசையை அவர் முடுக்கிவிட்டு இருந்தார். காரே ஸ்டீரிங்கைத் திருப்பியது. காரே வேகத்தைக் கவனித்தது.

எதிரே ஒரு பெரிய லாரி வந்தது. அது பக்கத்துச் சாலைக்குப் போவதற்காகக் குறுக்கே திரும்பியது.

கார் நிற்கவில்லை. அவரும் பிரேக் போடவில்லை. கார் லாரிக்கு அடியில் புகுந்தது. மேல்கூரை பிய்ந்து போயிற்று. அவர் உயிர் இழந்தார்.

<b>37 நிமிடம், 25 விநாடி</b>

அது டெஸ்லா கம்பெனியின் கார். அந்த விசைக்கு "ஆட்டோபைலட்" என்று பெயர். விமானத்தில் உள்ள கருவியின் பெயர் அது.

காருக்குக் கண் காமிராதான். ராடார் கருவியும் உண்டு. முன்னே போகும் வண்டியை அது நன்றாகப் பார்க்கும். ஆனால் குறுக்கே வரும் லாரியைக் கண்டுபிடிக்க அது செய்யப்படவில்லை. லாரியின் நிறம் வெள்ளை. பின்னால் வானமும் பளிச்சென்று இருந்தது.

போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரணை நடத்தியது. 37 நிமிடம் அந்த விசை வேலை செய்தது. அதில் அவர் கை ஸ்டீரிங்கில் பட்டது 25 விநாடிதான்!

"கையை வை" என்று கார் பல முறை எச்சரித்தது. அவர் ஒரு நொடி தொட்டுவிட்டு, மறுபடியும் விட்டுவிட்டார்.

லாரிக்காரர் வழிவிடாதது தவறு. காரை அளவுக்கு மீறி நம்பியது தவறு. அப்படி நம்ப இடம் கொடுத்தது கார் அமைப்பின் தவறு. 2017-ம் ஆண்டு வாரியம் இப்படி முடிவு கூறியது.

<b>தெரிந்தும் நம்பினார்</b>

2018-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி, கலிபோர்னியாவில் இன்னொரு விபத்து நடந்தது. கார் வழி விலகி, சாலைத் தடுப்பில் மோதியது. ஓட்டியவர் இறந்தார். அப்போது அவர் டெலிபோனில் விளையாட்டு ஓடிக்கொண்டு இருந்தது.

"அந்த இடத்தில் கார் ஒரு பக்கமாக இழுக்கிறது" என்று அவரே முன்பு வீட்டில் சொல்லி இருந்தார். ஆனாலும் நம்பினார். பழக்கம் அப்படிப்பட்டது! நூறு முறை சரியாக ஓடிய கார், அடுத்த முறையும் ஓடும் என்று மனம் நினைத்துவிடுகிறது.

2023-ம் ஆண்டு டிசம்பரில், சுமார் 20 லட்சம் டெஸ்லா கார்களில் எச்சரிக்கை முறையைத் திருத்த ஏற்பாடு ஆயிற்று.

<b>எந்த வசதி நல்லது?</b>

அப்படியானால் இந்த வசதிகளே வேண்டாமா? அப்படி இல்லை.

முன்னால் ஆபத்து வந்தால் தானாகப் பிரேக் போடும் கருவி மிகவும் நல்லது. முன் வண்டியின் பின்னால் மோதும் விபத்துகளை அது பாதியாகக் குறைத்து இருக்கிறது. டிரைவர் தவறினால் அது துணைக்கு வருகிறது. ஆனால் டிரைவரின் வேலையை அது பறிப்பது இல்லை.

ஸ்டீரிங்கையும் வேகத்தையும் காரே பார்த்துக்கொள்வது வேறு. அதனால் விபத்து குறைந்தது என்பதற்குச் சரியான ஆதாரம் கிடைக்கவில்லை.

2024-ம் ஆண்டு, அமெரிக்க இன்சூரன்சு கம்பெனிகளின் சாலைப் பாதுகாப்பு நிலையம் இத்தகைய 14 முறைகளைச் சோதித்தது. டிரைவர் கவனமாக இருக்கிறாரா என்று கார் சரியாகப் பார்க்கிறதா? இதுதான் சோதனை. 11 முறைகள் "மோசம்" என்று பெயர் வாங்கின. ஒன்றுக்குத்தான் "பரவாயில்லை" என்று மார்க் கிடைத்தது!

<b>வாங்கும் முன்பு</b>

மின்சாரக் கார் வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது, "ஒரு தடவை சார்ஜ் செய்தால் எத்தனை மைல் ஓடும்?" என்பதுதான். கேட்க வேண்டியதே. வீட்டில் இரவில் சார்ஜ் செய்ய வசதி உண்டா என்றும் பார்க்க வேண்டும். கடுங்குளிரில் ஓடும் தூரம் குறையும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

அதோடு இவற்றையும் கேட்க வேண்டும்:

தானாகப் பிரேக் போடுமா?

டிரைவரின் கண்ணைக் காமிரா கவனிக்கிறதா? அல்லது ஸ்டீரிங்கில் கை பட்டால் போதுமா?

எந்தச் சாலையில், எந்த நேரத்தில் அந்த வசதி உதவாது?

விற்பவர் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லாவிட்டால், காரோடு வரும் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கலாம். அதில் எழுதி இருக்கும்.

காரின் தானியங்கித் திறமையைப் பூஜ்யம் முதல் 5 வரை பிரித்து இருக்கிறார்கள். மேலே சொன்ன இரண்டு கார்களும் 2-வது படியைச் சேர்ந்தவை. அந்தப் படியில் கார் எவ்வளவு செய்தாலும், பொறுப்பு டிரைவருக்கே.

கார் உதவி செய்யலாம். சாலையைப் பார்க்க வேண்டியது மனிதனின் கண்தான்!